வெயிலின் நேரத்துக்கு வண்டி ஓட்டுங்கள்: யூட்டா, அரிசோனா பள்ளத்தாக்குகளில் குடும்பத்துடன் ஒரு கோடைப் பயணம்

அமெரிக்காவின் தென்மேற்கில் யூட்டாவும் அரிசோனாவும் சேரும் பகுதியைச் செம்மண் பாறைகளின் தனி உலகம் என்றே சொல்ல வேண்டும். ஜயான், பிரைஸ், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கிராண்ட் கேன்யன் ஆகிய ஆறு தேசியப் பூங்காக்களை ஒரே வட்டப் பயணத்தில் பார்த்துவிடலாம். பள்ளி விடுமுறை ஜூன், ஜூலையில் வருகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வருவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். பாலைவனம் மிகக் கடுமையாகக் காய்வதும் அப்போதுதான். இலையுதிர் காலம் இதமானது என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் கோடையில் மட்டுமே போக முடிகிற குடும்பம் அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. திட்டத்தை ஊர்ப்பெயர்களை வைத்துப் போடாமல் வெயிலையும் உயரத்தையும் வைத்துப் போட்டால் போதும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கணக்கின்மேல்தான் நிற்கிறது.

(அங்கே சாலைப் பலகைகள் மைலில் இருப்பதால் நானும் மைலிலேயே சொல்கிறேன். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர்.)

1. முதலில் உயரக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த வட்டாரத்தில் 100 மைல் தள்ளிப் போவதைவிட 3,000 அடி மேலே ஏறுவது வெப்பத்தை அதிகம் குறைக்கும். ஜூலை மாதப் பகல் வெப்பம் ஜயான் பள்ளத்தாக்கின் தரையில் சராசரியாக 38 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்களுக்கு அருகே உள்ள மோவாப் நகரிலும் ஏறக்குறைய அதேதான். அங்கே அப்படிக் கொளுத்தும் அதே நாளில், 8,000 அடிக்கு மேல் இருக்கும் பிரைஸ் விளிம்பில் 27 டிகிரிதான். இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே பகல் 29 டிகிரி வாக்கில் இருக்கும். அதே கேன்யனின் அடியில், கொலராடோ ஆற்றங்கரையில், 40 டிகிரியைத் தாண்டும்.

ஆகவே ஊர்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜயான், மோவாப், பேஜ், லாஸ் வேகஸ் தாழ்வான ஊர்கள்: இங்கே விடியற்காலையும் மாலையும் மட்டுமே உங்களுடையவை. பிரைஸும் தெற்கு விளிம்பும் உயரமான இடங்கள்: பகலிலும் நடமாடலாம், உடம்பு தேறும். தாழ்ந்த இடத்தையும் உயர்ந்த இடத்தையும் மாற்றி மாற்றி வைத்தால் குழந்தைகளும் பெரியவர்களும் களைத்துப் போகமாட்டார்கள்.

2. வட்டத்தை வரையுங்கள்

லாஸ் வேகஸில் விமானம் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, வட்டமாகச் சுற்றி அங்கேயே வந்து சேர்வதுதான் செலவும் அலைச்சலும் குறைந்த வழி. நான் பரிந்துரைப்பது பத்து இரவுகள்:

ஜயான் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேலில் இரண்டு. பிரைஸில் ஒன்று. கேப்பிட்டல் ரீஃப் அருகே டோரியில் ஒன்று. மோவாப்பில் இரண்டு. பாறைக் கோபுரங்கள் எழுந்து நிற்கும் மான்யுமென்ட் வேலியில் ஒன்று. பேஜில் ஒன்று. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் இரண்டு.

மொத்தம் சுமார் 1,200 மைல். கடைசி நாளைத் தவிர எந்த நாளிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியிருக்காது. ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் மோவாப்பையும் மான்யுமென்ட் வேலியையும் விட்டுவிட்டு ஜயான், பிரைஸ், பேஜ், கிராண்ட் கேன்யன் என்று சுருக்குங்கள். எல்லாவற்றையும் ஐந்து நாளில் திணிப்பவர்கள் பாறைகளைவிடத் தார்ச்சாலையைத்தான் அதிகம் பார்த்துத் திரும்புகிறார்கள்.

3. அனுமதிச் சீட்டுகளையும் தங்குமிடங்களையும் பதிவு செய்யுங்கள்

கிராண்ட் கேன்யன் விளிம்பில் உள்ள விடுதிகள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பத் தொடங்கும். கிடைக்காவிட்டால் பூங்கா வாசலுக்கு வெளியே உள்ள டுசாயனில் தங்கலாம். பேஜ் நகரை அடுத்த குறுகலான பாறைப் பள்ளமான ஆன்டிலோப் கேன்யனுக்குச் சில மாதங்கள் முன்பே பதிவு வேண்டும். ஜயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏறுவதற்கு 2022 முதல் குலுக்கல் முறையில்தான் அனுமதி. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இருபுறமும் அதலபாதாளமாக இருக்கும் முகட்டில் ஏறும் பாதை அது. சிறு குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. ஆர்ச்சஸ் பூங்கா சில ஆண்டுகளில் நேரம் குறித்த நுழைவுச் சீட்டு கேட்டிருக்கிறது. கிளம்பும் ஆண்டின் விதியைத் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தில் ஒரு முக்கிய மாற்றம் வந்திருக்கிறது. எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டுச் சீட்டு அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். 2026 ஜனவரி முதல் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அதே சீட்டு 250 டாலர். ஆண்டுச் சீட்டு இல்லாமல் வரும் வெளிநாட்டவர்கள், 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களாக இருந்தால், குறிப்பிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் தர வேண்டும். ஜயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பெற்றோர் வருவதாக இருந்தால் இதைச் சீட்டு வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். அடையாள அட்டையையும் கைவசம் வைத்திருங்கள்.

இந்த ஆண்டுச் சீட்டு மான்யுமென்ட் வேலியிலும் ஆன்டிலோப் கேன்யனிலும் செல்லாது. அவை நவஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் சொந்த நிலம், கட்டணமும் அவர்களுக்கே.

4. வண்டியையும் பெட்டியையும் தயார் செய்யுங்கள்

கார் எடுக்கும்போது ஏ.சி.யையும் டயர்களையும் ஸ்டெப்னியையும் வாடகை நிலையத்திலேயே சோதித்துவிடுங்கள். தொட்டி பாதியாகும்போதே பெட்ரோல் போடுவது இங்கே நல்ல பழக்கம். அடுத்த பங்க் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கலாம். செல்பேசி சிக்னல் பல இடங்களில் அறவே கிடைக்காது. வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைப்பதோடு ஒரு காகித வரைபடமும் இருக்கட்டும்.

தண்ணீர்க் கணக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். இதற்கு மேல் வண்டியிலேயே ஒரு கேன் எப்போதும் தொடாமல் இருக்க வேண்டும், வண்டி நின்றுவிட்டால் உதவும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், உப்புக் கடலை, ஊறுகாய், காலையிலேயே கலந்து ஐஸ் பெட்டியில் வைத்த உப்பு மோர் ஆகியவை அந்தக் குறையைத் தீர்க்கும். டோரி, ஹேங்க்ஸ்வில் போன்ற சிற்றூர்களில் சைவ உணவுக்குத் தேர்வு மிகக் குறைவு. கடைகளும் சீக்கிரம் மூடிவிடும். ஒரு சிறிய ரைஸ் குக்கரும் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் இருந்தால் இரவு எட்டரை மணிக்குச் சாப்பாடு தேடி அலைய வேண்டாம்.

உடையைப் பொறுத்தவரை முழுக்கை வைத்த மெல்லிய பருத்திச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, பிடிப்புள்ள காலணி ஆகியவை போதும். பிரைஸுக்காக ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர்.

5. ஒவ்வொரு நாளையும் மூன்றாகப் பிரியுங்கள்

தாழ்வான ஊர்களில் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, பத்து மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். பத்திலிருந்து நான்கு வரை கார்ப் பயணம், நீச்சல் குளம், பார்வையாளர் மையம், தூக்கம். நான்கரைக்கு மேல் மறுபடியும் வெளியே. குழந்தைகளை விடியலில் எழுப்புவது கொடுமையாகத் தோன்றும். இரண்டாம் நாளிலிருந்து பழகிவிடும், மதியத் தூக்கம் அதை ஈடுகட்டும்.

குழந்தைகளுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு பூங்காவின் பார்வையாளர் மையத்திலும் ஜூனியர் ரேஞ்சர் (இளம் பூங்காக் காவலர்) புத்தகம் கேட்டு வாங்குங்கள். பாறை, விலங்கு, தடயம் பற்றிய பயிற்சிகளை முடித்துக் கொடுத்தால் ரேஞ்சர் ஒருவர் சரிபார்த்து, குழந்தையை வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்ல வைத்து, பேட்ஜ் தருவார். அடுத்த பூங்கா எப்போது வரும் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

6. வானத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த ஆறாம் பகுதியைத் தயவுசெய்து படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடு வரை அங்கே பருவமழைக் காலம். காலையில் துடைத்துவைத்த நீலமாக இருக்கும் வானம் மதியம் இரண்டு மணிக்குக் கறுக்கும். பாறை நிலம் தண்ணீரை உறிஞ்சாது. பெய்ததெல்லாம் அப்படியே குறுகலான பள்ளங்களுக்குள் பாய்கிறது. மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டிலோப் கேன்யனின் கீழ்ப்பகுதியில் 11 பேர் வெள்ளத்தில் உயிரிழந்தார்கள்; மழை பெய்தது பல மைல் தள்ளி, மேட்டுப்பகுதியில். 2015 செப்டம்பரில் ஜயானின் கீஹோல் என்னும் குறுகிய பள்ளத்தில் ஏழு பேர் இதேபோல் இறந்தார்கள்.

ஒவ்வொரு காலையும் பார்வையாளர் மையத்தில் அன்றைய திடீர் வெள்ள எச்சரிக்கையைக் கேளுங்கள். நதிக்குள் நடக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினாலும், சுள்ளிகளும் இலைகளும் மிதந்து வந்தாலும், மேற்புறத்திலிருந்து இரைச்சல் கேட்டாலும் ஒரு கணமும் தாமதிக்காமல் உயரமான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். வந்த வழியே ஓடித் தப்பிக்க நினைக்காதீர்கள். வெள்ளம் உங்களைவிட வேகமாக வரும். இடி கேட்டால் விளிம்புகளிலும் தனி மரங்களின் அடியிலும் நிற்கக் கூடாது. சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால் ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் வண்டியை இறக்காதீர்கள். அரைமணி முதல் ஒரு மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் வடிந்துவிடும்.

7. ஜயான்: தண்ணீரில் நடக்கும் காலை

லாஸ் வேகஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ஸ்பிரிங்டேல் வந்துவிடலாம். யூட்டாவுக்குள் நுழையும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். கோடையில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. இலவச ஷட்டில் பஸ்தான். முதல் பஸ்ஸைப் பிடிப்பதில்தான் அந்த நாளின் வெற்றி இருக்கிறது.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஆற்றோரமாக ஒரு மைல் நடந்தால் தார்ப்பாதை தண்ணீரில் முடிகிறது. அங்கிருந்து வர்ஜின் ஆறே பாதை. இரு பக்கமும் சுவர்கள் நெருங்கி வர, முழங்கால் ஆழத் தண்ணீரில், வழுக்கும் உருண்டைக் கற்களின்மேல் கழியை ஊன்றி ஊன்றி நடக்க வேண்டும். இதுதான் நேரோஸ். ஒவ்வோர் அடியையும் வைத்துப் பார்த்துத்தான் உடம்பின் பாரத்தை அதில் இறக்க முடியும். குழந்தைகளைக் கை எட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். வெளியே கொளுத்தும்போது இங்கே நிழலும் குளிர்ச்சியும் இருக்கும். அரை மணி நேரம் உள்ளே போய்த் திரும்பினாலே மனம் நிறைந்துவிடும். நடக்க இயலாத தாத்தா பாட்டிக்கு அந்த ஆற்றோரப் பாதையே போதும். சக்கர நாற்காலியையும் உதவியோடு ஓரளவு தூரம் தள்ளிச் செல்லலாம். ஆற்றில் நச்சுத்தன்மையுள்ள பாசி இருப்பது கண்டறியப்பட்டிருப்பதால் தண்ணீரை வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கிழக்கு வாசல் வழியாக வெளியேறுங்கள். 1930இல் திறக்கப்பட்ட, ஒரு மைலுக்கும் சற்று நீளமான சுரங்கப் பாதை அந்த வழியில் இருக்கிறது. தங்கும் வசதியுள்ள பெரிய ஆர்.வி. வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் வருபவர்கள் மாற்று வழியை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. பிரைஸும் கேப்பிட்டல் ரீஃபும்

இரண்டு மணி நேர ஓட்டத்தில் பிரைஸ். விளிம்பில் நின்று கீழே பார்த்தால் ஆரஞ்சு நிறத் தூண்கள் ஆயிரக்கணக்கில். ஹூடூ என்கிறார்கள். பாறை வெடிப்புகளில் இறங்கும் தண்ணீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, மறுபடி உறைந்து, ஆண்டில் பாதி இரவுகள் இப்படியே பாறையைப் பிளந்து செதுக்கியவை இவை. சன்ரைஸ் பாயின்ட்டில் தொடங்கி, குவீன்ஸ் கார்டன் வழியாக இறங்கி, நவஹோ லூப் வழியாக ஏறி வாருங்கள். மொத்தம் மூன்று மைல். இறக்கம் மென்மையாக இருக்கும் பக்கத்தில் இறங்குவது முழங்காலுக்கு நல்லது. உயரத்தால் மூச்சு வாங்கும், நிதானமாக ஏறுங்கள். இரவில் பால்வீதியைப் பார்க்காமல் தூங்கிவிட வேண்டாம். நிலவற்ற இரவாகத் தேதியைப் பொருத்தினால் இன்னும் நல்லது.

அங்கிருந்து டோரிக்கு 12ஆம் எண் நெடுஞ்சாலையில் போங்கள். ஓரிடத்தில் சாலை ஒரு முகட்டின் முதுகில் இருபுறமும் சரிவாக ஓடும். ஓட்டுபவர் காட்சியைப் பார்க்க விரும்பினால் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும்.

கேப்பிட்டல் ரீஃபை அவசரக்காரர்கள் தவறவிடுகிறார்கள். பாறைச் சுவர்களுக்கு நடுவே ஃப்ரூட்டா என்னும் மோர்மன் மதப் பிரிவினரின் பழைய குடியேற்றத்தின் பழத்தோட்டங்கள் இன்றும் காய்க்கின்றன. ஜூன், ஜூலையில் செர்ரியும் ஆப்ரிகாட்டும், ஆகஸ்ட்டில் பீச்சும் பழுக்கும். பறிக்கலாம் என்று பலகை வைத்திருக்கும் தோட்டத்தில் மரத்தடியில் நின்று தின்பதற்குக் காசு இல்லை. எடுத்துப்போவதை மட்டும் நீங்களே எடைபோட்டுப் பணத்தைப் பெட்டியில் போட வேண்டும். வசந்தத்தில் உறைபனி விழுந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையும். பக்கத்திலேயே ஃப்ரீமான்ட் பழங்குடியினர் பாறையில் செதுக்கிய மனித, ஆட்டு உருவங்கள் சாலையோரமாகவே இருக்கின்றன.

9. மோவாப்

வெயில் மிகக் கடுமையாக இருக்கும் பகுதி இது. ஆர்ச்சஸ் பூங்காவின் பாறை வளைவான டெலிகேட் ஆர்ச்சுக்குப் போய்வர மூன்று மைல், 480 அடி ஏற்றம், நிழல் துளியும் இல்லை. மாலைச் சூரியனில் அந்த வளைவு சிவப்பது அழகுதான். ஆனால் பகலெல்லாம் சுட்ட பாறை மாலையிலும் அனல் வீசும். குடும்பத்துக்கு விடியற்காலையே சரி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இல்லாமல் ஏறாதீர்கள். நடக்க முடியாதவர்கள் கீழே தனியாக இருக்கும் பார்வை மேடையிலிருந்து அதைப் பார்க்கலாம். சிறு குழந்தைகளுக்கு சேண்ட் டியூன் ஆர்ச்: இரண்டு சுவர்களுக்கு நடுவே நிழலில் மணல், விளையாடிக்கொண்டே இருப்பார்கள்.

பாதையை விட்டு விலகக் கூடாது என்பதற்கு இங்கே ஒரு காரணம் உண்டு. தரையில் கருமையாக, பொருக்குப் பொருக்காகத் தெரிவது வெறும் மண் அல்ல. நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் சேர்ந்து மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கும் உயிருள்ள தோல் அது. ஒரு காலடியில் நொறுங்கும்; திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். குழந்தைகளிடம் குனிந்து காட்டுங்கள், தொட வேண்டாம்.

இரண்டாம் நாள் மாலை கேன்யன்லேண்ட்ஸின் ஐலண்ட் இன் தி ஸ்கை பகுதிக்குப் போங்கள். மோவாப்பைவிட 2,000 அடி உயரம். கிராண்ட் வியூ பாயின்ட்டில் காற்று இதமாக இருக்கும்.

10. நவஹோ நிலம், கடிகாரக் குழப்பம்

மான்யுமென்ட் வேலியின் 17 மைல் சுற்று மண்சாலை. பல வாடகைக் கார் ஒப்பந்தங்கள் மண்சாலையில் ஓட்டுவதை அனுமதிப்பதில்லை. நவஹோ வழிகாட்டியின் ஜீப்பில் போவது மேல். அவர்கள் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது என்பதை நினைவில் வைத்து, அனுமதி இல்லாமல் மனிதர்களையும் வீடுகளையும் படம் எடுக்காதீர்கள். நவஹோ நிலத்தில் மது கொண்டுபோகக் கூடாது.

அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நிலம் மாற்றுகிறது. ஆகவே மான்யுமென்ட் வேலியிலிருந்து பேஜ் நகரத்துக்கு வரும்போது ஒரு மணி நேரம் பின்னே போகும். எல்லையில் செல்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். பேஜில் செல்பேசியின் நேரத்தைக் கையால் அரிசோனா தலைநகரான ஃபீனிக்ஸின் நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு, ஆன்டிலோப் கேன்யன் சீட்டு எந்த நேரத்தைக் குறிக்கிறது என்பதைப் பதிவு செய்த இடத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஆன்டிலோப்பில் கீழ்ப்பகுதிக்குச் செங்குத்தான இரும்புப் படிகள் உண்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு அதைவிட மேல்பகுதி எளிது. கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட்டில் விளிம்பின் பெரும்பகுதிக்குக் கம்பி வேலி கிடையாது. கீழே சுமார் 1,000 அடி. குழந்தையின் கையை விடாதீர்கள்.

11. கிராண்ட் கேன்யன்

பேஜிலிருந்து கேமரான் வழியாகக் கிழக்கு வாசலில் நுழையுங்கள். முதலில் வருவது 1932இல் கட்டி முடிக்கப்பட்ட டெசர்ட் வியூ காவற்கோபுரம், கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டரின் வேலை. கேன்யனுக்குள் எழும் சிகரங்களின் பெயர்களைப் பலகையில் படித்தால் தமிழ்ப் பெற்றோர் நிமிர்ந்து பார்ப்பார்கள்: விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவா கோயில். 1880களில் இங்கே ஆய்வு செய்த நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் கிழக்கத்தியக் கோயில்களை நினைத்துச் சூட்டத் தொடங்கிய பெயர் மரபு இது. அடியில் கறுத்துக் கிடக்கும் பாறைக்கும் விஷ்ணுவின் பெயர்தான். வயது சுமார் 170 கோடி ஆண்டுகள். நீங்கள் நிற்கும் மேல் அடுக்கோ 27 கோடி.

இங்கே இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம். இறங்க ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள். கோடையில் ஆற்றங்கரை வரை ஒரே நாளில் போய்வர ஒருபோதும் முயல வேண்டாம். சவுத் கைபாப் பாதையில் ஊ-ஆ பாயின்ட் வரை 0.9 மைல், விடியலில் இறங்கி எட்டு மணிக்குள் மேலே வந்துவிட்டால் போதும். அந்தப் பாதையில் தண்ணீர் கிடையாது. பெரியவர்களுக்கு விளிம்போரச் சமதளப் பாதையும், மேற்கே ஹெர்மிட் சாலையில் இலவச பஸ்ஸும் இருக்கின்றன. அணிலுக்குத் தீனி கொடுக்க விடாதீர்கள், கடிக்கும்.

வடக்கு விளிம்பையும் சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 ஜூலைக் காட்டுத் தீயில் அங்கிருந்த பழைய விடுதி எரிந்துபோனது. அந்தப் பக்கம் என்னென்ன திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

தெற்கு விளிம்பிலிருந்து லாஸ் வேகஸுக்கு 280 மைல், நான்கரை மணி நேரம். விமானம் இரவில்தான் என்றாலும் காலை உணவு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். அந்தி சாய்ந்தபின் பூங்காச் சாலையில் எல்க் மான்கள் குறுக்கே வரும். வழியில் வில்லியம்ஸில் பெட்ரோல் போட்டு, ஐஸ் பெட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். கிங்மேனைத் தாண்டியதும் சாலை தாழ்ந்து வெயில் மறுபடி ஏறும்.